பூங்கோதைக்கு மண்டபம் பிடித்த கதை

கம்ப்யூட்டர் வேலையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஒரு பிழை திரையில் வந்து நின்று ஊரைக் கூட்டிக் கத்தினால், அதைக் கும்பிட்டு வரவேற்க வேண்டும். கத்திக்கொண்டிருந்த பிழை திடீரென்று வாயை மூடிக்கொண்டால்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஞானத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பெரியப்பாவின் கல்யாண மண்டபத்தில், இரண்டு கல்யாண வீட்டாரையும் சோழபுரத்து வேலுச்சாமி என்ற ஓர் அப்பாவியையும் படாத பாடு படுத்திக் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்துவிட்டு, அங்கேயே அடுத்த கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் ஊரில் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. (ஊரில் இருந்த கம்ப்யூட்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதையெல்லாம் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.)

சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஆவணி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா மில்லில் சூப்பர்வைசர். எந்த எந்திரத்தையும் நம்புவார், என்னைத் தவிர. "பொம்பளப் பிள்ள மெட்ராஸ்ல தனியா இருந்து என்னத்தக் கிழிக்கப் போகுது? அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அப்பா பேப்பருக்குள் போய்விட்டால் அவரை வெளியே கொண்டுவர ஒரே ஒருவரால்தான் முடியும். அது அவருடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா.

நான் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பெரியப்பா முன்னால் மூக்கை உறிஞ்சினேன். பெரியப்பா புதுமை விரும்பி. ஊரில் முதல் மிக்ஸி வாங்கியவர். முதலில் ரிப்பேர் ஆக்கியவரும் அவர்தான்.

"ஏட்டி வசந்தி, அழுகைய நிறுத்து. நம்ம மண்டபத்துக்கு ஒரு புரோகிராம் போட்டுக் குடு. நோட்டு, பேனா ஒண்ணும் இருக்கக் கூடாது. ஆவணி முகூர்த்தம் அம்புட்டும் கம்ப்யூட்டர்லயே நடக்கட்டும். நல்லபடியா நடந்துருச்சுன்னா ஒங்கப்பன்ட்ட நான் பேசுறேன். மெட்ராஸ் பஸ்ல நானே ஏத்தி விடுறேன், போதுமா?"

போதும் பெரியப்பா, போதும். மண்டபத்தில் ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்ய என்ன வேண்டும்? தேதி, பெண் வீட்டார், மாப்பிள்ளை, ஊர். நாலு விஷயம். நாலு விஷயத்தை எழுதி வைக்க நான் ஒரு வெப் அப்ளிகேஷன் செய்தேன். மண்டபத்தில் இன்டர்நெட் கிடையாது. ஒரே கம்ப்யூட்டர், கேட்டதை எடுத்துக் கொடுக்கிற சர்வரும் அதற்குள்ளேயே, கேட்டு வாங்கிக் காட்டுகிற பிரவுசரும் அதற்குள்ளேயே. தன் வீட்டு வாசலில் நின்று தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொள்கிற மாதிரி. ஆனாலும் வெப் அப்ளிகேஷன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். நாளைக்குப் பம்பாயில் இருக்கிறவன்கூட நம் மண்டபத்தில் தேதி பார்ப்பான் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். பெரியப்பா அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பம்பாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

முதல் முறை ஓட்டியபோது, "அப்படி ஒரு அட்டவணையே இல்லை" என்று பிழை வந்தது. நியாயம்தான், விவரங்களை வைக்கிற அட்டவணையை நான் உருவாக்கவே இல்லை. சர்வர் ஆரம்பிக்கும்போதே அட்டவணையை உருவாக்கும்படி எழுதினேன். ஓடியது. மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால், "இந்த அட்டவணை ஏற்கெனவே இருக்கிறதே" என்று பிழை. இல்லையென்றாலும் குற்றம், இருந்தாலும் குற்றம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ஏற்கெனவே இருந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கு" என்று ஒரு வரி சேர்த்தேன். பிழை வாயை மூடிக்கொண்டது.

அந்த ஒரு வரியை எழுதியதும் நாற்காலியில் சாய்ந்து சுடிதார் துப்பட்டாவால் விசிறிக்கொண்டேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அட்டவணை காலியாக இருந்தால் முதல் பக்கம் திறக்காமல் முரண்டு பிடித்தது. அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. அட்டவணை உருவானதுமே மாதிரிக்குச் சில பதிவுகளை அதில் தானாகவே போட்டுவிட வேண்டும். எங்கள் தொழிலில் இதை சீடிங் என்பார்கள், விதை போடுவது. நான் ஆறு கல்யாணங்களை விதைத்தேன். ஆறும் கற்பனை. அதையாவது ஏனோதானோவென்று போட்டிருக்கலாம். அஷ்டமியில் கல்யாணம் என்று திரையில் தெரிந்தால் பெரியப்பா சிரிப்பாரே என்று, தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் பார்த்து, ஆவணியில் இருக்கிற மிக நல்ல முகூர்த்தங்களாகத் தேர்ந்தெடுத்துப் போட்டேன். முதல் பதிவு: மணமகள் பூங்கோதை, தகப்பனார் வேலுச்சாமி, கீழத்தெரு, சோழபுரம். பஸ்ஸில் போகும்போது பார்த்த ஊர்ப் பலகையிலிருந்து சோழபுரத்தை எடுத்துக்கொண்டேன். கீழத்தெரு இல்லாத ஊரா இருக்கும்?

ஆடி பிறந்த அன்று மண்டபத்தில் கம்ப்யூட்டர் ஏறியது. பெரியம்மா சூடம் காட்டினாள். மண்டபத்து மேனேஜர் ஞானமுத்து சார் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார். கம்ப்யூட்டரின் மீது அவர் வைத்த பாசத்தை நான் வேறு எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. தன் வீட்டு ஆர்மோனியத்துக்குத் தைத்த பூப்போட்ட உறையைக் கழற்றிக்கொண்டு வந்து இதற்கு மாட்டினார். எல்லாம் முடிந்ததும் நான் மூன்று கட்டளைகள் பிறப்பித்தேன். பழைய நோட்டை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டும். முன்பணம் வாங்கினால் கம்ப்யூட்டரே ரசீது அச்சடிக்கும், கார்பன் தாள் வேண்டாம். கம்ப்யூட்டரை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது.

"கார்பன் இல்லாட்டி நமக்கு நகல் வேண்டாமா பாப்பா?" என்றார் ஞானமுத்து சார்.

"எல்லாம் உள்ள இருக்கும் சார்" என்றேன், ஏதோ குழந்தைக்குச் சொல்கிற தோரணையில்.

ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ஆடியில்தான் வருவார்கள். ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்குள் வந்த ஜனம், தேரையும் பார்த்துவிட்டு அப்படியே மண்டபத்துக்கும் ஒரு நடை வந்து தேதி கேட்டுவிட்டுப் போகும். ஆடியில் எங்கள் பக்கம் நடக்கிற இன்னொன்று காற்று. மேற்கு மலையிலிருந்து இறங்கி வருகிற காற்றுக்கு முதல் வேலையே கரண்ட் கம்பியை அறுப்பதுதான். மண்டபத்து யு.பி.எஸ். செத்த நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுக் கண்ணை மூடும். கரண்ட் வந்ததும் ஞானமுத்து சார் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, எங்கள் தெரு டெலிபோன் பூத்துக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டு ரிப்போர்ட் கொடுப்பார்.

"கரண்ட் போய் வந்துச்சு பாப்பா."

"விவரமெல்லாம் இருக்கா சார்?"

"அம்புட்டுப் பேரும் பத்திரமா இருக்காக."

இருக்கத்தானே செய்வார்கள்? கரண்ட் போய் வந்தால் சர்வர் புதிதாக ஆரம்பிக்கும். ஆரம்பித்ததும் என் வரி எழுந்து, இருக்கிற அட்டவணையை அப்படியே அழித்து, புதிதாக ஒன்றைக் கட்டி, பூங்கோதை முதலான ஆறு பேரையும் குளிப்பாட்டி அலங்கரித்து உட்கார வைத்துவிடும். திரை காலியாக இருந்திருந்தால் அவருக்கு அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான், அவரும் முதல் பக்கத்தைத் தாண்டிப் பார்க்க மாட்டார். என் ஆறு மாதிரிக் கல்யாணங்கள் பளிச்சென்று முதல் பக்கத்தில் நின்று, உண்மையான கல்யாணங்கள் காணாமல் போனதை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டன.

அந்த ஆறும் பெரியப்பா பிடித்துக் கொடுத்தவை என்று ஞானமுத்து சார் நினைத்திருக்கிறார். ஞானமுத்து சாரின் சாமர்த்தியத்தில் வந்தவை என்று பெரியப்பா நினைத்திருக்கிறார். ஒருவரையொருவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்களே ஒழிய, வாய் திறந்து கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கோ அந்த ஆறு பேரை விதைத்ததே மறந்துபோய்விட்டது. சென்னைக்குப் போகும்போது எந்தச் சுடிதாரை உடுத்துவது என்ற யோசனையில் இருந்தேன்.

ஆவணி பிறந்தது. திரைப்படி முதல் முகூர்த்தம் பூங்கோதைக்கு. முந்தின நாள் ஞானமுத்து சார் மண்டபத்தைக் கழுவி, வாசலில் வாழை மரம் கட்டி, குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். மத்தியானம் ஆகியும் பெண் வீட்டார் வரவில்லை. சமையல்காரர் வரவில்லை. ஒரு பாத்திரம்கூட வந்து இறங்கவில்லை. மனிதர் பதறிப்போய்ப் பஸ் ஏறிச் சோழபுரத்துக்கே போய்விட்டார்.

அங்கே கீழத்தெரு இருந்தது. கீழத்தெருவில் ஒரு வேலுச்சாமியும் இருந்தார்.

நான் தகவல் கேட்டு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த வேலுச்சாமி ஞானமுத்து சார் கூடவே பஸ் ஏறி வந்து, நடுக்கூடத்தில் நின்று கோபத்தில் ஆடிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூணும் பயலுக. பொட்டப்பிள்ள ஏக்கத்துல எம் பொண்டாட்டி மூக்குத்திகூட வாங்கி வச்சிருக்கா. இவரு வந்து என் வீட்டு வாசல்ல நின்னு, 'ஒங்க மக பூங்கோதைக்கு நாளைக்குக் கல்யாணமாச்சே, ஏன் இன்னும் வரல'ங்காரு. எம் பொண்டாட்டி கேக்கா, 'பூங்கோதையோட ஆத்தா எவ'ன்னு! ஊரே கூடி நிக்கி. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தேன். அன்றைக்கு நான் செய்த முதல் தவறு அது.

"அண்ணாச்சி, கோவப்படாதீக. அது சும்மா மாதிரிக்குப் போட்டது. நெசமில்ல. இப்பவே அழிச்சிடுறேன் பாருங்க" என்று உட்கார்ந்து, அவர் கண் முன்னாலேயே ஆறு பேரையும் அழித்தேன். "போயாச்சு, பாத்தீகளா?" என்று திரும்பிப் புன்னகை செய்தேன். அந்த நிமிஷம் பார்த்துக் கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்தி ஓய்ந்தது. செத்த நேரத்தில் கரண்ட் வந்தது. ஞானமுத்து சார் வழக்கம்போலக் கம்ப்யூட்டரைப் போட்டார்.

முதல் பக்கத்தில் பூங்கோதை நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும்.

"இந்தா திரும்ப வந்துட்டாளே!" என்று வேலுச்சாமி அலறினார்.

நான் அலறவில்லை. நான் அழித்த பெயர்கள் திரும்பி வருகின்றன என்றால், ஞானமுத்து சார் பதிந்த பெயர்கள் எங்கே? மெதுவாக அடுத்த பக்கத்தைத் தட்டினேன். அடுத்த பக்கமே இல்லை. ஆடி மாதம் முழுக்கப் பதிந்த கல்யாணங்களில் ஒன்றுகூட இல்லை.

"சார், நீங்க பதிஞ்சவிய பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"நீதான பாப்பா சொன்ன, எல்லாம் உள்ள இருக்கும்னு. பொறவு நான் எதுக்கு ஞாபகம் வைக்க?" என்றார் அவர். அதில் துளிகூடக் கிண்டல் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பெரியப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். எந்தெந்த வீட்டார், எந்தெந்தத் தேதிக்கு, எத்தனை பேர் வந்து மண்டப வாசலில் நிற்கப் போகிறார்கள் என்று தெரியாமல் ஒரு மண்டபத்துக்காரர் ஆவணி மாதத்துக்குள் இருக்கிறார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று ஊருக்குப் பெயர். அந்தப் பெயரை என் ஒற்றை வரி தின்றுவிட்டது. சென்னையும் போச்சு. நான் அழுதேன், இந்த முறை மூக்கை மட்டும் உறிஞ்சாமல் நிஜமாகவே.

அழுது முடித்ததும் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. (அழுகைக்கு இந்த நன்மை உண்டு.) கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தவர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? பத்திரிகை அடிப்பார்கள். பத்திரிகையில் தேதி இருக்கும், பெண் மாப்பிள்ளை பெயர் இருக்கும், ஊர் இருக்கும், மண்டபம் இருக்கும். என் அட்டவணையில் இருந்த நாலு விஷயமும் அச்சடித்து மஞ்சள் தடவி ஊரெல்லாம் கிடக்கிறதே!

மறுநாள் காலையிலேயே நானும் ஞானமுத்து சாரும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊரிலும் இருந்த பத்திரிகைக் கடை, அச்சகம் ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடையிலும் மாதிரிக்கு ஒரு பத்திரிகையைக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கட்டைப் பிரித்து எங்கள் மண்டபத்தின் பெயரைத் தேடினோம். ஒரு கடைக்காரர், "என்னம்மா, யாருக்கும் தெரியாம நடக்கிற கல்யாணத்தப் புடிக்க வந்திருக்கீகளா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். ஒவ்வொரு பத்திரிகையாகக் கிடைக்கக் கிடைக்க எனக்கு உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, பெரும்பாலானவை தனித்தனித் தேதிகள். சாயங்காலம் ராஜபாளையத்துக் கடை ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கினேன். அப்போதுதான் பார்த்தேன், அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டு பத்திரிகைகள். ஒன்று மம்சாபுரத்து மல்லிகாவுடையது. இன்னொன்று பிளவக்கல் பக்கத்துச் சுப்புலட்சுமியுடையது. ஒரே தேதி, ஒரே மண்டபம். ஒன்றில் முகப்பில் பிள்ளையார், இன்னொன்றில் ஆண்டாள்.

மல்லிகாவுக்கு அந்தத் தேதியைக் கொடுத்தது பெரியப்பா. பிறகு காற்றடித்துக் கரண்ட் போயிருக்கிறது. பிறகு வந்த சுப்புலட்சுமி வீட்டாருக்கு ஞானமுத்து சார் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருமே முதலில் கேட்டது வேறு நல்ல தேதிகளை. அந்தத் தேதிகளில் எல்லாம் என் மாதிரிப் பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததால் இந்தத் தேதிக்குத் தள்ளப்பட்டிருக்கிறார்கள்.

ஊரில் வேறு மண்டபம் எதுவும் காலி இல்லை. பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நீயும் வா" என்றார். மம்சாபுரத்தில் மல்லிகாவின் அப்பா எங்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்துவிட்டு விஷயத்தைக் கேட்டார்.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிருச்சு" என்றேன்.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதேம்மா. டவுன்ல அம்புட்டுப் பேரும் சொல்றாக. நீங்கதான் என்னமோ குளறுபடி பண்ணிட்டு அது மேல போடுதீக."

"ஆமா மாமா, நான்தான்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

சுப்புலட்சுமி வீட்டில் அவள் அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். உள்ளே போய் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள். அந்தச் சத்தம் போதுமானதாக இருந்தது. கடைசியில் இரண்டு பெண்களின் அப்பாக்களையும் பெரியப்பா மண்டபத்திலேயே எதிரெதிரே உட்கார வைத்தார். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மல்லிகாவின் அப்பா எதேச்சையாக இன்னொரு பத்திரிகையை எடுத்துப் புரட்டினார்.

"ஒங்க முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரையா?"

"ஆமா. ஒங்களுக்கு?"

"எங்களுக்கு ஆறுல இருந்து ஏழரை."

"அப்ப நீங்க எந்திரிச்சதும் நாங்க உக்காந்துக்கிடுதோம்" என்றார் சுப்புலட்சுமியின் அப்பா. அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலைப் பலகாரம் மல்லிகா வீட்டுச் சமையல்காரர், மத்தியானச் சாப்பாடு சுப்புலட்சுமி வீட்டுச் சமையல்காரர், யார் வந்தாலும் இரண்டு பந்தியிலும் உட்காரலாம் என்று பேசி முடித்தார்கள். மண்டபத்துக்கு வாடகை வாங்க மாட்டேன் என்று பெரியப்பா சொல்ல, அதெல்லாம் முறையில்லை என்று இருவரும் ஒற்றுமையாக அவரைச் சத்தம் போட்டார்கள்.

கல்யாணத்தன்று என்னை வாசலில் நிறுத்தினார்கள். வருகிறவர்கள் எந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்று கேட்டு வழி சொல்வது என் வேலை. சர்வர் செய்கிற வேலைதான், பட்டுப் பாவாடை தாவணியில். "பொண்ணு வீடா, மாப்பிள வீடா?" என்று கேட்டுப் பழகிய ஊர், நான் "எந்தப் பொண்ணு?" என்று கேட்டதும் முழித்தது. ஒன்பது மணிக் கல்யாணத்துக்கு வந்த பாதிப் பேர் ஆறு மணிக்கே வந்து மல்லிகாவுக்கு அட்சதை போட்டார்கள். சுப்புலட்சுமியின் மாப்பிள்ளைக்குத் தாய்மாமா ஒருவர் வத்திராயிருப்பிலிருந்து பஸ் தாமதமாகி ஓட்டமும் நடையுமாக உள்ளே நுழைந்தார். மேடையில் கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறிக்கொண்டிருந்தது. மனிதர் அங்கேயே இடிந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, தாய்மாமன் நான் வாரதுக்குள்ள கட்டிட்டியளா! நான் செத்தா போயிட்டேன்?"

அவருக்கு மணமகன் அறையைத் திறந்து, இன்னும் முகச்சவரம்கூட முடியாமல் பனியனோடு உட்கார்ந்திருந்த அவர் மருமகனைக் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. அந்த அறையில் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே கண்ணாடி. மணமகள் அறையில் இரண்டு பெண்களுக்கும் ஒரே கட்டில். நான் தயங்கித் தயங்கி அங்கே போய் எட்டிப் பார்த்தேன். தாலி ஏறி முடித்த மல்லிகா, தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைப் பிரித்துச் சுப்புலட்சுமியின் சடையில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். சுப்புலட்சுமி வீட்டார் சொல்லியிருந்த பூக்காரர் இன்னும் வரவில்லையாம்.

"நீங்கதான அந்தக் கம்ப்யூட்டர் அக்கா?" என்றாள் சுப்புலட்சுமி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"விடிய விடியப் பயந்து பயந்து வந்துச்சு அக்கா. இவகிட்டப் பேசிக்கிட்டு இருந்ததுல பயமே போயிருச்சு" என்றாள். வாசலுக்கு ஓடி வந்து, சந்தனக் கிண்ணத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மத்தியானப் பந்திக்கு அப்பா ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார். இரண்டு பாயசம் போட்டதில் மனிதர் கொஞ்சம் இளகியிருந்தார். பெரியப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். எல்லாம் முடிந்தது, இனி சாகும்வரை தென்காசி ரோடுதான் என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பா வாய் திறப்பதற்குள் அப்பாவே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, ரோசிச்சுப் பாத்தேன். இவள மெட்ராஸுக்கே அனுப்பிருவோம்."

"என்னப்பா திடீர்னு?"

"இங்கன இருந்தா இன்னும் எத்தன கல்யாணத்தக் கொழப்புவாளோ. மெட்ராஸ்ல எம்புட்டக் கொழப்புனாலும் அவிய யாரும் நமக்குத் தெரிஞ்சவிய இல்ல."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தியமாக, என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சிபாரிசு அதுதான். அந்த வாரமே அந்த வரியைத் தூக்கி எறிந்து, அட்டவணை இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கும்படி மாற்றி, பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் திரும்பப் பதிந்து கொடுத்தேன். சோழபுரத்துக்குப் போய் வேலுச்சாமியின் மனைவியையும் சமாதானம் செய்தேன். "சும்மா வச்சுப் பாக்கதுக்கு என் வீட்டுக்காரரு பேருதான் கெடச்சுச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். ஆவணி முடிவதற்குள் பெரியப்பா சொன்னபடியே என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. மேடையேறி வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னொரு பொண்ணு எங்கட்டி?" என்று கேட்டார்கள். என் மாமியார் வீட்டார் திருச்சிக்காரர்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மல்லிகாவும் சுப்புலட்சுமியும் அவரவர் வீட்டுக்காரரோடு வந்திருந்தார்கள். பெரியப்பா அவர்களையும் மேடைக்குக் கூப்பிட்டார். "ஒம் புண்ணியத்துல கல்யாணம் பண்ணவுக. சேந்து நில்லுங்க" என்று எங்கள் இரண்டு பக்கமும் நிறுத்தி, கழுத்தில் ஆளுக்கொரு மாலையையும் போட்டுப் போட்டோ எடுக்க வைத்தார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருக்கிற கல்யாணப் போட்டோ அதுதான். மூன்று ஜோடி, மூன்று ஜோடிக்கும் மாலை. புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு இதில் கல்யாணம் யாருக்கு என்று கேட்பார்கள். எனக்கு வாய் திறக்கச் சந்தர்ப்பமே கிடையாது. என் கணவர் எங்கிருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். "நடுவுல நிக்கிறது நாங்க. நான் நிஜமா, இல்ல இவ மாதிரிக்குப் போட்டு வச்ச ஆளான்னு எனக்கே இன்னும் சந்தேகம்தான். ஒவ்வொரு தடவ கரண்ட் போறப்பவும் எதுக்கும் இருக்கட்டும்னு இவ கையைப் புடிச்சுக்குவேன்" என்பார்.